முதலில் சொல்வது குழந்தைதான்: தொடக்கப் பள்ளிப் பாதுகாப்பில் யாருக்கு என்ன பொறுப்பு? - ஒரு விளக்கம்

புது தில்லி: ராஜஸ்தான் மாநிலம் ஜாலாவார் மாவட்டத்தில் உள்ள பிப்லோடி கிராம அரசுப் பள்ளியில், 2025 ஜூலை 25-ஆம் தேதி காலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் 7 குழந்தைகள் உயிரிழந்தனர், 20-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கூரையிலிருந்து சிறு கற்கள் உதிர்வதாகத் தாங்கள் முன்கூட்டியே ஆசிரியர்களிடம் கூறியதாகவும், வகுப்பிலேயே அமரும்படி தங்களிடம் சொல்லப்பட்டதாகவும் உயிர்பிழைத்த மாணவர்கள் பின்னர் செய்தியாளர்களிடம் தெரிவித்தனர்.

அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு, 2013 ஜூலை 16-ஆம் தேதி, பிகார் மாநிலம் சரண் மாவட்டத்தின் கண்டாமன் கிராமத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையலுக்குப் பயன்படுத்திய எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தடய அறிவியல் ஆய்வில் தெரியவந்தது. எண்ணெயின் நிறமும் வாடையும் சரியில்லை என்று சமையலர் எச்சரித்ததும், உணவின் சுவை சரியில்லை என்று குழந்தைகள் கூறியதும் அப்போது வெளியான செய்திகளில் பதிவாகியுள்ளன. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு 2016-ஆம் ஆண்டு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

ஒன்று கட்டட விபத்து; மற்றொன்று உணவில் கலந்த நஞ்சு. காரணங்கள் வேறு. ஆனால், இரண்டிலும் ஆபத்தை முதலில் உணர்ந்து சொன்னவர்கள் அந்தப் பள்ளியில் மிகக் குறைந்த அதிகாரம் கொண்டவர்கள். அவர்களது சொல் கேட்கப்பட்டிருந்தால் இழப்பைத் தவிர்த்திருக்கலாமோ என்ற கேள்வி இரண்டு ஊர்களிலும் எஞ்சி நிற்கிறது.

நாட்டில் சுமார் 14.7 லட்சம் பள்ளிகள் இயங்குவதாகவும், அவற்றில் ஏறத்தாழ 24.7 கோடி மாணவர்கள் பயில்வதாகவும் மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25-ஆம் ஆண்டுக்கான தரவுகள் தெரிவிக்கின்றன. இவர்களில் 6 முதல் 11 வயது வரையிலான தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் நிலை தனித்துவமானது. அவர்களால் புகார் மனு எழுத இயலாது. யாரிடம் முறையிடுவது என்பதும் தெரியாது. தங்களுக்கு நேர்வது தவறு என்பதையே பல வேளைகளில் அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இதனால்தான் இந்த வயதினரின் பாதுகாப்புக்கான பொறுப்பு முழுவதையும் சட்டம் பெரியவர்களிடம் ஒப்படைத்துள்ளது. அந்தப் பொறுப்புகள் எவை, அவற்றை நிறைவேற்ற வேண்டியவர்கள் யார் என்பதைப் பார்க்கலாம்.

துயரங்களுக்குப் பின் எழுதப்பட்ட விதிகள்

பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக இன்று நடைமுறையில் உள்ள விதிகள் பலவும் ஏதேனும் ஒரு பேரிழப்புக்குப் பிறகே உருவானவை.

1997 நவம்பரில் தில்லியின் வஜீராபாத் பகுதியில் பள்ளிப் பேருந்து ஒன்று யமுனை ஆற்றில் விழுந்ததில் 28 மாணவர்கள் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளே நாடு முழுவதும் பள்ளிப் பேருந்துகளுக்கான விதிகளின் அடிப்படையாக அமைந்தன. மஞ்சள் வண்ணம், முன்னும் பின்னும் 'பள்ளிப் பேருந்து' என்ற எழுத்துகள், ஜன்னல்களில் கிடைமட்டக் கம்பிகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும், குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஓர் உதவியாளர் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

2004 ஜூலை 16-ஆம் தேதி தமிழகத்தின் கும்பகோணத்தில் தொடக்கப் பள்ளி ஒன்றில் சமையல் செய்யுமிடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். கண்டாமன் துயரமும் இதே ஜூலை 16-ஆம் தேதியில்தான் நிகழ்ந்தது. கும்பகோணம் தீ விபத்தையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்று தெளிவுபடுத்தியது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகளைப் பொருத்துவது, தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பின்பற்றுவது, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளிப்பது ஆகியவற்றை அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

2017 செப்டம்பரில் ஹரியாணா மாநிலம் குருகிராமில் தனியார் பள்ளி வளாகத்தில் 7 வயது மாணவன் ஒருவன் கொல்லப்பட்டான். அச்சிறுவனின் தந்தை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த வழிகாட்டுதலின் பேரில், பள்ளிப் பாதுகாப்புக்கான பொறுப்பை நிர்ணயிக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய கல்வி அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்டது.

ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவை அன்றாடம் செயல்படுகின்றனவா என்பதே கேள்வி.

கட்டடமும் கழிப்பறையும்

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒரு பள்ளியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வசதிகளைப் பட்டியலிடுகிறது. எல்லாப் பருவநிலைகளையும் தாங்கும் கட்டடம், ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் தடையின்றி வந்து செல்லும் வழி, ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்கும் பள்ளிகளில் அதற்கான சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. தொடக்க வகுப்புகளில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு, 200 குழந்தைகள் வரை எத்தனை ஆசிரியர்கள் தேவை என்பதையும் அந்த அட்டவணை வரையறுக்கிறது.

பட்டியலில் ஒரு வசதி இருப்பதும் அது குழந்தைக்குப் பயன்படுவதும் வெவ்வேறு. கழிப்பறை கட்டப்பட்டிருக்கும்; ஆனால் பூட்டியிருக்கும், அல்லது தண்ணீர் இருக்காது. கழிப்பறைக்குப் போக அஞ்சி, பள்ளி முடியும் வரை தண்ணீரே அருந்தாத குழந்தைகள் உண்டு. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் புட்டி மாலையில் அப்படியே திரும்பி வந்தால், அது பள்ளியின் கழிப்பறை குறித்துக் குழந்தை சொல்லும் புகாராகவும் இருக்கலாம்.

பிப்லோடி விபத்துக்கு மறுநாளே, எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் பள்ளிக் கட்டடங்களைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் அறிவுறுத்தியது. கட்டடத்தின் உறுதி, தீத்தடுப்பு வசதி, அவசரகால வெளியேறும் வழி, மின்கம்பிகளின் நிலை ஆகியவற்றை ஆராயுமாறு அதில் கூறப்பட்டிருந்தது. அந்த அறிவுறுத்தலின் மற்றொரு கூறு அதிகம் பேசப்படவில்லை. ஆபத்தான சூழல், நூலிழையில் தவிர்க்கப்பட்ட விபத்து, குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய நிகழ்வு ஆகிய எதுவாயினும் 24 மணி நேரத்துக்குள் உரிய மாநில அதிகாரியிடம் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதே அது. அதாவது, கூரை விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கல் உதிர்ந்தாலே அது பதிவு செய்யப்பட வேண்டிய நிகழ்வு.

உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டியவர் யார்?

பிரதமரின் போஷண் சக்தி நிர்மாண் என்று 2021-இல் பெயர் மாற்றப்பட்ட மதிய உணவுத் திட்டத்தின்கீழ், தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 450 கலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் கொண்ட, சமைத்த சூடான உணவு வழங்கப்பட வேண்டும். பரிமாறுவதற்கு முன் அந்த உணவை, குறைந்தது ஓர் ஆசிரியர் உள்ளிட்ட இரண்டு அல்லது மூன்று பெரியவர்கள் உண்டு பார்க்க வேண்டும் என்று திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. உணவு மாதிரிகளை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் சோதிப்பதற்கும் 2015-ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள் இடமளிக்கின்றன.

சுவைத்துப் பார்க்கும் விதியின் நோக்கம் எளிமையானது. உணவில் குறை இருந்தால் அதை உணர்பவர் குழந்தையாக இருக்கக் கூடாது. சமையலை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவராக இருக்க வேண்டும். கண்டாமனில் எண்ணெயின் வாடையை உணர்ந்தவர் சமையலர். அவரிடம் அந்த அதிகாரம் இல்லை. பல இடங்களில் இந்த விதி பதிவேட்டில் கையொப்பமிடும் சடங்காகச் சுருங்கிவிடுகிறது. உணவு பரிமாறப்பட்ட பின்னரோ, மாத இறுதியில் மொத்தமாகவோ இடப்படும் கையொப்பம் எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது.

பிரம்பும் சொல்லும்

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல்ரீதியான தண்டனைக்கோ மனரீதியான துன்புறுத்தலுக்கோ உட்படுத்தக் கூடாது என்று கூறுகிறது. மீறுவோர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அது வகை செய்கிறது. இதுதவிர, தனது பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதையும், தேவையற்ற உடல் அல்லது மனத் துன்பத்துக்கு உள்ளாக்குவதையும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு குற்றமாக்கியுள்ளது.

மனரீதியான துன்புறுத்தல் என்பது என்ன? தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதை விளக்குகின்றன. குழந்தையின் கண்ணியத்தைக் குலைக்கும் கிண்டல், பட்டப்பெயர் சூட்டி அழைப்பது, பெற்றோரின் தொழிலையோ சாதியையோ குடும்ப நிலையையோ சுட்டி இகழ்வது, மற்றவர்கள் முன்னிலையில் வெட்கப்படச் செய்வது ஆகியவை அதில் அடங்கும். அடித்தால்தான் தண்டனை என்ற பொதுவான எண்ணத்தைச் சட்டம் ஏற்கவில்லை.

பள்ளிகளில் புகார்ப் பெட்டி வைக்கப்பட வேண்டும், புகார் அளிப்பவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்றும் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இது பயன்படலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள ஆறு வயதுக் குழந்தைக்குப் புகார்ப் பெட்டி சுவரில் தொங்கும் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவே. அந்தக் குழந்தைக்கு வேண்டியது காது கொடுத்துக் கேட்கும் ஒரு மனிதர்.

குழந்தைகள் தாமாக முன்வந்து சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 சதவீதத்தினர் உடல்ரீதியான தண்டனைக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாக 53 சதவீதத்தினர் கூறினர். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது குழந்தையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதும் அந்த ஆய்வு கண்டறிந்த முடிவு.

'விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்' என்பதற்கு இடமில்லை

போக்சோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இதன் 19-ஆவது பிரிவின்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்பு சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர் காவல் நிலையத்திலோ தகவல் அளிக்க வேண்டும். இந்தக் கடமை பெற்றோருக்கு மட்டும் உரியதல்ல. ஆசிரியர், தலைமை ஆசிரியர், ஆயா, வாகன ஓட்டுநர் என எவரும் விதிவிலக்கல்லர்.

தகவல் அளிக்கத் தவறுவதும் குற்றமே. 21-ஆவது பிரிவின்படி அதற்கு ஆறு மாதங்கள் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தமக்குக் கீழ்ப் பணிபுரியும் ஒருவர் இழைத்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். அதேவேளை, நல்லெண்ணத்துடன் தகவல் அளித்தவர் மீது சட்ட நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் சட்டம் உறுதியளிக்கிறது.

பள்ளி நிர்வாகங்களிடையே நிலவும் ஒரு தவறான புரிதல் இங்குக் கவனிக்கத்தக்கது. குழந்தை சொல்வது உண்மையா என்று பள்ளியே முதலில் விசாரித்து, உறுதியான பிறகே காவல் துறையை அணுகலாம் என்று பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. உண்மையைக் கண்டறிவது காவல் துறை மற்றும் நீதிமன்றத்தின் பணி. தகவலைத் தாமதமின்றிக் கொண்டு சேர்ப்பதே பள்ளியின் பணி. பள்ளிக்குள்ளேயே நடத்தப்படும் விசாரணையில் குழந்தை திரும்பத் திரும்ப ஒரே நிகழ்வை விவரிக்க நேர்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முன்னெச்சரிக்கையும் கிடைத்துவிடுகிறது.

மகாராஷ்டிர மாநிலம் பத்லாப்பூரில் 2024 ஆகஸ்டில் பள்ளிச் சிறுமிகள் இருவர் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான வழக்கில் இந்தப் பிரிவு பரவலான கவனத்தைப் பெற்றது. பள்ளி ஊழியர் ஒருவர் கைது செய்யப்பட்ட நிலையில், தகவல் அளிக்கத் தவறியதாகப் பள்ளி நிர்வாகத்தினர் மீதும் போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. இவ்விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட மும்பை உயர் நீதிமன்றம், நடவடிக்கையில் ஏற்பட்ட தாமதத்துக்குக் கண்டனம் தெரிவித்தது.

குழந்தையின் வாக்குமூலத்தைப் பெறும் முறையையும் போக்சோ சட்டம் வரையறுத்துள்ளது. குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவல் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் அதைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், பள்ளி உள்ளிட்ட அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. புகார் அளித்தால் குழந்தை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமே என்று தயங்கும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்புகள் இவை.

குழந்தைகளுடன் தொடர்ந்து பழகும் ஊழியர்கள் அனைவரின் பின்னணியையும் காவல் துறை மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கூறுகின்றன. இது நிரந்தர ஊழியர்களோடு நின்றுவிடுவதில்லை. ஒப்பந்த ஊழியர்களுக்கும் பொருந்தும். துப்புரவு, காவல், வாகனப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த முறைக்கு மாறியுள்ள நிலையில் இது முக்கியத்துவம் பெறுகிறது.

வயிற்று வலி என்னும் மொழி

பாதுகாப்பு என்பது விபத்தும் குற்றமும் நேராமல் தடுப்பதோடு முடிவதில்லை. சிறு குழந்தைகள் அச்சத்தையும் துயரத்தையும் வார்த்தைகளில் சொல்வது அரிது. உடல்தான் அவர்களின் மொழி. பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் மட்டும் வரும் வயிற்று வலி, திறக்கப்படாமலே திரும்பும் உணவு டப்பா, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தொடங்குவது, ஒரு குறிப்பிட்ட ஆசிரியரையோ வாகனத்தையோ கண்டு காரணம் சொல்லாமல் ஒதுங்குவது ஆகியவை கவனிக்கப்பட வேண்டிய அறிகுறிகள். இவை ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணம் இருக்கலாம். ஆனால், விசாரிக்காமலேயே சாதாரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இதற்கென உள்ள அரசு ஏற்பாடுகளும் உண்டு. 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சென்று, பிறவிக் குறைபாடு, நோய், ஊட்டச்சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றுக்காகக் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். கவனக்குறைவு என்று கண்டிக்கப்படும் குழந்தைக்கு உண்மையில் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம்; கீழ்ப்படியாதவன் எனப் பெயரெடுத்தவனுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். அத்தகைய குழந்தைகளைக் கண்டறிய இந்தப் பரிசோதனை உதவுகிறது.

புத்தகப் பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை பரிந்துரைக்கிறது. மனநல ஆலோசனைக்காக 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெறலாம். பெற்றோரும் ஆசிரியர்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ள இயலும்.

இறுதிப் பொறுப்பு யாருடையது?

அசம்பாவிதம் நேர்ந்த பின் தலைமை ஆசிரியர் ஒப்பந்ததாரரையும், ஒப்பந்ததாரர் பொறியாளரையும், பொறியாளர் நிதி ஒதுக்கீட்டையும் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. 2021-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றன. தனியார் பள்ளிகளில் நிர்வாகமும் முதல்வரும் ஆசிரியர்களும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அல்லது பொறுப்புத் தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், கல்வித் துறை நிர்வாகம் ஆகியோரும் பொறுப்பாவார்கள் என்று அவை வரையறுத்தன. பாதுகாப்பற்ற கட்டடம், தரமற்ற உணவு, மருத்துவ உதவி அளிப்பதில் தாமதம், தண்டனை, பாகுபாடு, சக மாணவர்களின் சீண்டல் ஆகியவற்றில் காட்டும் அலட்சியத்தோடு, மாணவர் தெரிவித்த புகாரின் மீது நடவடிக்கை எடுக்காமல் இருப்பதும் அலட்சியமாகவே கருதப்படும்.

எனினும், அந்த நெறிமுறைகள் அறிவுறுத்தல் தன்மை கொண்டவை; மாநிலங்கள் தமக்கேற்ப மாற்றங்களுடன் ஏற்கலாம். பல மாநிலங்கள் அவற்றை அறிவிக்கை செய்யாத நிலையில், நெறிமுறைகளை நடைமுறைப்படுத்துமாறு 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. அதைக் கண்காணிக்கும் பணியைத் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது.

ஆசிரியர்களின் தரப்பையும் இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகள் ஒரே ஆசிரியருடன் இயங்குவதாக 2024-25 தரவுகள் காட்டுகின்றன. ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் நடத்தி, வருகைப் பதிவேட்டை நிரப்பி, உணவைச் சுவைத்து, கூரையையும் கழிப்பறையையும் கவனித்து, ஒவ்வொரு குழந்தையின் முகவாட்டத்தையும் காண வேண்டியவர் அங்கு ஒருவரே. கூரை ஒழுகுவதாக அவர் பலமுறை கடிதம் எழுதியிருந்தும் பதில் வராமல் போகலாம். அத்தகைய நிலையில் அவரைப் பணியிடை நீக்கம் செய்வதால் மட்டும் அடுத்த பள்ளியின் கூரை பலப்பட்டுவிடாது. கடிதம் எந்த மேசையில் தங்கியது என்பதும் விசாரிக்கப்பட வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இக்குழு கட்டாயமில்லை. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இக்குழுவின் பணிகள். கூட்டத்தில் பெற்றோர் எழுப்பக்கூடிய கேள்விகள் எளியவை:

கட்டடத்தின் உறுதி கடைசியாக எப்போது, யாரால் ஆய்வு செய்யப்பட்டது?

தீயணைப்புக் கருவியை இயக்கத் தெரிந்தவர் யார்? வெளியேறும் ஒத்திகை எப்போது நடந்தது?

இன்றைய உணவைச் சுவைத்துப் பார்த்தவர் யார்?

ஒப்பந்த ஊழியர்கள் உள்பட அனைவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட்டுள்ளதா?

குழந்தைகள் வாய்மொழியாகக் கூறும் குறைகள் எங்கே எழுதி வைக்கப்படுகின்றன? கடந்த மாதம் எழுதப்பட்டவற்றின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?

இவற்றுள் கடைசிக் கேள்விக்கு விடை இருந்தால், மற்றவற்றுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பள்ளியில் தீர்வு கிடைக்காவிட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் அதன் மீது முடிவெடுக்கப்பட வேண்டும். அம்முடிவில் நிறைவில்லை எனில், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். உடனடி ஆபத்து அல்லது துன்புறுத்தல் என்றால் காத்திருக்கத் தேவையில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ, 112 என்ற அவசர உதவி எண்ணையோ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீட்டிலும் ஒரு பங்கு இருக்கிறது. "இன்று என்ன படித்தாய்?" என்ற கேள்விக்குக் குழந்தை பாடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு ஓடிவிடும். "இன்று யாருடன் விளையாடினாய்? எதைப் பார்த்துப் பயந்தாய்?" என்று கேட்டால் வேறு பதில் வரக்கூடும். அந்தப் பதிலைக் குறுக்கிடாமல் கேட்பதும், சொன்னதற்காகக் கடிந்துகொள்ளாமல் இருப்பதும், குழந்தை அடுத்த முறையும் சொல்ல முன்வருமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

ஆபத்தான சூழலை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் இப்போது எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டுள்ளது. அந்த 24 மணி நேரம் தொடங்குவது, கல் உதிர்கிறது என்று ஒரு குழந்தை கூறும்போது வகுப்பறையில் உள்ள பெரியவர் தலை நிமிர்ந்து கூரையைப் பார்க்கும் அந்த நொடியிலிருந்துதான்.